நான்கு புள்ளி நாயகன்

1970 மே 8, வெள்ளிக்கிழமை இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குள் வில்லிஸ் ரீட் நடந்து வந்தார். ஓடி வரவில்லை, துள்ளி வரவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். அந்த நடையை நினைத்து நினைத்து உருகுவதை அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

நடந்து வந்தவர் அன்றைய ஆட்டத்தில் எடுத்தது நான்கு புள்ளி.

அதே இரவில், அதே அணியில், வால்ட் ஃப்ரேசியர் எடுத்தது 36. அது போதாதென்று 19 முறை மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்துக் கூடையில் போடவைத்தார், அதாவது 19 அசிஸ்ட். 7 ரீபவுண்ட் பிடித்தார். ஃப்ரீ த்ரோ 12 கிடைத்தது, 12-ஐயும் போட்டார். நியூயார்க் நிக்ஸ் 113, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 99. ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம் அது. நிக்ஸ் அணி வாங்கிய முதல் சாம்பியன் பட்டமும் அதுதான். தொடரின் மிகச் சிறந்த வீரர் என்ற எம்.வி.பி. விருதை அந்தக் காலத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது 'ஸ்போர்ட்' என்ற பத்திரிகை. அவர்கள் அதை நடந்து வந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று தொடங்கிய பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. இதில் வாதி, பிரதிவாதி இருவரும் ஒரே அணிக்காரர்கள். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் இல்லை. சண்டை எல்லாம் பார்த்தவர்களுக்குள்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பிடிபடும். அந்த சீசனில் நிக்ஸ் 82 ஆட்டங்களில் 60-ஐ ஜெயித்திருந்தது. இடையில் தொடர்ச்சியாக 18 வெற்றி. அப்போதைக்கு அது சாதனை. கோச் ரெட் ஹோல்ஸ்மனிடம் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. பந்தைப் பார், ஆள் இல்லாமல் நிற்பவனுக்குக் கொடு, அவ்வளவுதான். ஆறு வீரர்கள் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிக்கு மேல் சராசரி வைத்திருந்தார்கள். ரீட் 21.7, ஃப்ரேசியர் 20.9. மூன்றாவது ஆள் டிக் பார்னெட், நான்காவது டேவ் டிபுஷர். ஐந்தாவது பில் பிராட்லி. பிரின்ஸ்டனில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய்வந்த அறிவாளி, பிற்காலத்தில் நியூ ஜெர்சி செனட்டர். ஆறாவதாக பெஞ்சிலிருந்து எழுந்து வரும் கேஸி ரஸல். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த சீசன் முழுக்க ஆட முடியாமல் இருந்த இன்னொரு வீரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துத் திரிந்தார். அவர் பெயர் பில் ஜாக்ஸன். பின்னாளில் கோச்சாக 11 பட்டம் வாங்கியவர். இப்படி அணியே ஒரு கூட்டுக் குடும்பம். கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை என்று வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரே லேக்கர்ஸ். அங்கே வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேலர் என்று மூன்று மகாராஜாக்கள். மூவருக்கும் உடம்பில் ஏதோ ஒரு பாகம் பழுது. சேம்பர்லினுக்கு அந்த சீசன் தொடக்கத்திலேயே முழங்கால் தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சை செய்து, சீசன் முடியும் தறுவாயில்தான் திரும்பி வந்தார். சொல்லப்போனால் ரீட்டைவிடப் பெரிய அதிசயம் அவர்தான். ஆனால் சாதாரண நாளில் சாதாரண வாசல் வழியாக வந்துவிட்டார், யாரும் அழவில்லை.

முதல் நான்கு ஆட்டங்களில் ரீட் எடுத்த புள்ளிகள்: 37, 29, 38, 23. எதிரே நின்றவர் 7 அடி 1 அங்குலம் உயரமுள்ள சேம்பர்லின். சேம்பர்லினுக்குக் கூடையை விட்டு வெளியே வருவதென்றால் பிடிக்காது. ரீட் வெளியே நின்று இடது கையால் நிதானமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். தொடர் 2-2. இந்த நான்கு எண்களை நினைவில் வையுங்கள். ரீட்டைப் பற்றிக் கதை சொல்கிற யாரும் இவற்றைச் சொல்லமாட்டார்கள் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

நடுவில் மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கூத்து. முடிய மூன்று விநாடி இருக்கும்போது டிபுஷர் ஒரு கூடை போட, நிக்ஸ் 102-100 என்று முன்னால் போனது. வெஸ்ட் பந்தை வாங்கி, தன் பாதி மைதானத்திலிருந்தே, 60 அடி தூரத்திலிருந்து, போனால் போகட்டும் என்று எறிந்தார். உள்ளே விழுந்தது. கூடைக்கு அடியில் நின்றிருந்த டிபுஷர் அப்படியே மல்லாந்து விழுந்தார். ஆனால் இந்த அணிகள் ஆடும் என்.பி.ஏ. லீக்கில், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற கோடு வந்தது 1979-80 சீசனில்தான். அறுபது அடி ஆனாலும் ஆறடி ஆனாலும் அன்றைக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 102-102 சமன், கூடுதல் நேரம், அதில் நிக்ஸ் 111-108 என்று ஜெயித்தது. கோடு பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த ஆட்டம் லேக்கர்ஸுக்கு. அப்புறம் ஏழாவது ஆட்டம் என்ற ஒன்று நடந்திருக்குமா, யார் எங்கே நடந்திருப்பார் என்பதெல்லாம் ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆக, பட்டத்தின் பெருமையில் முதல் பங்கு, விதிப் புத்தகத்தில் ஒரு கோட்டைப் போட மறந்த குமாஸ்தாவுக்கு.

இனி ஐந்தாவது ஆட்டம். முதல் கால்பகுதியில் சேம்பர்லினைத் தாண்டிப் போகும்போது ரீட் தடுக்கி விழுந்தார். தொடைத் தசை கிழிந்துவிட்டது. இடைவேளையில் நிக்ஸ் 13 புள்ளி பின்தங்கியிருந்தது. நடுவில் 7 அடி 1 அங்குலம், அதைத் தடுக்க வேண்டியவர் வலியில் சுருண்டு கிடக்கிறார். நியாயமாகப் பார்த்தால் ஆட்டம் முடிந்தது.

அப்போது அறிவாளி பிராட்லி ஒரு யோசனை சொன்னார். நடுவில் ஆளே வேண்டாம், எல்லோரும் விரிந்து வெளியே நிற்போம். சேம்பர்லின் வெளியே வந்தால் கூடை காலி, வராவிட்டால் நாம் வெளியிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். சேம்பர்லினைத் தடுக்கும் வேலை 6 அடி 6 அங்குலம் உயரமுள்ள டிபுஷருக்கு. அவர் மூச்சு வாங்கினால் ஸ்டால்வொர்த் என்ற இன்னொரு நிக்ஸ் வீரர். இவர்கள் அவரை முட்டினார்கள், தள்ளினார்கள், முன்னால் நின்று பந்தே வராமல் மறித்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று இடுப்பளவிலேயே கணக்கைத் தீர்த்தார்கள். லேக்கர்ஸ்காரர்கள் குழம்பிப்போய்ப் பந்தைத் தொலைத்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்திலேயே கெட்டிக்காரரான வெஸ்ட் இரண்டாம் பாதி முழுக்க ஒரு கூடைகூடப் போடவில்லை. நிக்ஸ் 107, லேக்கர்ஸ் 100.

பட்டத்தை வாங்கிக்கொடுத்தது எந்த ஆட்டம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ரீட் தேவைப்படாமல் போன இரண்டாம் பாதி, ஃப்ரேசியரும் தனி ஆவர்த்தனம் செய்யாத இரண்டாம் பாதி. ஸ்டால்வொர்த்துக்கு இதற்காக யாராவது சிலை வைத்தார்களா? சிலை வேண்டாம், ஒரு சிற்றுண்டிக் கடைக்காவது பெயர் வைத்திருக்கலாம். ஐந்து பேர் சேர்ந்து வியர்த்தால் கதை சொல்ல வராது. யாராவது ஒருத்தர் வாசலில் தோன்றினால்தான் வரும்.

ஆறாவது ஆட்டத்தில் ரீட் இல்லை. பிராட்லியின் வித்தை இரண்டாவது முறை பலிக்கவில்லை. சேம்பர்லின் 45 புள்ளி, 27 ரீபவுண்ட். லேக்கர்ஸ் 135-113 என்று துவைத்துக் காயப்போட்டது.

ஏழாவது ஆட்டத்துக்கு அணிகள் பயிற்சி எறிதலுக்கு வந்தபோது நிக்ஸ் பக்கம் ரீட்டைக் காணோம். உள்ளே டாக்டர் நீள ஊசியால் தொடையை மரத்துப்போக வைத்துக்கொண்டிருந்தார். வெளியே 19,500 பேர் சுரங்கவழி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர் ஜாக் ட்வைமன் பேச்சை நடுவில் விட்டுவிட்டு, வில்லிஸ் வருகிறார் என்று அறிவித்தார். கூரை பிய்த்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் லேக்கர்ஸ் வீரர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பந்தும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். தமிழ்ப் படத்தில் கதாநாயகன் கதவை உடைத்துக்கொண்டு வரும்போது, பத்து அடியாட்களும் அடிக்காமல் வரிசையாக நின்று பார்ப்பார்களே, அதே நிற்பு.

ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, ரீட் முதல் கூடை. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்தம் 27 நிமிடம் களத்தில் இருந்தார். மூன்று ரீபவுண்ட், நான்கு ஃபவுல். ஒரு பக்கம் தாக்குதல் முடிந்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் சிலசமயம் அங்கே அடுத்த தாக்குதலே முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ரீட் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். "அந்த நான்கு புள்ளிதான்யா ஆட்டம். மற்றதெல்லாம் அதோட எதிரொலி" என்பார்கள். தைரியம் கொடுத்தார், அரங்கத்தைத் தூக்கி நிறுத்தினார், எதிரியின் வயிற்றில் புளியைக் கரைத்தார். போதாக்குறைக்கு ஃப்ரேசியரே பலமுறை அவர்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார். லேக்கர்ஸ்காரர்கள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்ததும்தான் ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கை தனக்கு வந்ததாம். வாதியே பிரதிவாதி பக்கம் சாட்சி சொன்னால் வக்கீல் என்ன செய்வார்?

ஃப்ரேசியர் கட்சிக்காரர்கள் கூடவே ஒரு பேப்பரை நீட்டுவார்கள். 36, 19, 7. இதில் ஸ்டீல்கள் சேரவில்லை. ஸ்டீல் என்றால் எதிரி கையிலிருந்து பந்தைக் களவாடுவது. ஃப்ரேசியர் அதில் மன்னன். ஆனால் என்.பி.ஏ. களவைக் கணக்கெழுதத் தொடங்கியது 1973-74 சீசனில்தான். அன்றைக்கு அவர் அடித்த கொள்ளைக்கு எஃப்.ஐ.ஆரே இல்லை. வெஸ்ட் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போதே அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய காட்சிகள் படச்சுருளில் இருக்கின்றன. இடைவேளையில் 69-42. ஒரு தைரிய உரை இருபத்தேழு புள்ளி வித்தியாசம் கொடுக்கும் என்றால் எல்லா அணியும் ஒரு நொண்டியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் கேள்வி.

நான் இன்னொருவருக்கும் பங்கு கேட்கிறேன். சேம்பர்லின். முந்தைய ஆட்டத்தில் 45 எடுத்தவர், இப்போது ஒற்றைக் காலில் நிற்கும் ஆள் எதிரே கிடைத்தால் எவ்வளவு எடுக்க வேண்டும்? 21 எடுத்தார். 24 ரீபவுண்ட் பிடித்தார். பதினொரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஃப்ரீ த்ரோ என்றால் எதிரே யாரும் நிற்கமாட்டார்கள், கோட்டருகே நின்று நிம்மதியாகப் போடலாம். ரீட்டின் கால், ஃப்ரேசியரின் கை, கூட்டத்தின் சத்தம் எதுவும் பந்தைத் தடுக்கப்போவதில்லை. பதினொன்றில் ஒன்றைப் போட்டார். மிச்சம் பத்தையும் போட்டிருந்தாலும் நான்கு புள்ளியில் தோற்றிருப்பார்கள். ஆனால் நான்கு புள்ளி என்றால் அன்றைக்கு ரீட் எடுத்த அதே நான்கு. எண்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அப்படியானால் விருது தப்பா? இல்லை. ரீட்டுக்குத்தான் போக வேண்டும். 37, 29, 38, 23 என்று சேம்பர்லின் முகத்துக்கு நேரே போட்டு 2-2 ஆக்கி வைத்தவர் அவர். அதே தொடரில் ஏழாவது ஆட்டத்தைக் கழித்துவிட்டால் ஃப்ரேசியரின் புள்ளிச் சராசரி 15-ஐத் தொடாது. ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள், காரணத்தைத்தான் தப்பாக எழுதிவிட்டார்கள். 31.75 சராசரிக்கு வாங்க வேண்டிய விருதை நொண்டியதற்கு வாங்கினார். 36 புள்ளிக்குக் கிடைக்க வேண்டிய ஆட்டம் நான்கு புள்ளி எடுத்தவர் பெயரில் பதிவானது. இரண்டு பேருக்குமே அநியாயம் நடந்திருக்கிறது. ஒருவருக்குக் குறைவாக, இன்னொருவருக்கு அதிகமாக. ரீட் அந்த சீசனில் லீக் எம்.வி.பி., ஆல்-ஸ்டார் ஆட்ட எம்.வி.பி., இறுதித் தொடர் எம்.வி.பி. மூன்றையும் வாரிக்கொண்டவர், அப்படி வாரிக்கொண்ட முதல் ஆள். அப்பேர்ப்பட்டவரைக் கால் இழுத்து நடந்த ஒரு நல்ல மனுஷராகச் சுருக்கிவிட்டார்கள்.

இந்த விருதின் ஜாதகமே கோணல். அதைத் தொடங்கியது முந்தைய வருடம், 1969-இல். லேக்கர்ஸ் சொந்த அரங்கத்தில் பாஸ்டன் செல்டிக்ஸுடன் ஏழாவது ஆட்டம். முதலாளி ஜாக் கென்ட் குக் வெற்றி விழாவுக்காகக் கூரையில் பலூன்களைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். செல்டிக்ஸ் 108-106 என்று ஜெயித்துவிட்டது. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன. வெஸ்ட் அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். முதல் எம்.வி.பி. விருதைத் தோற்ற அணியின் வெஸ்டுக்கே கொடுத்தார்கள். இன்றுவரை தோற்ற அணியிலிருந்து அதை வாங்கிய ஒரே ஆள் அவர்தான். பரிசாக ஒரு கார். காரின் நிறம் பச்சை. செல்டிக்ஸின் நிறமும் பச்சை. தோற்றவனுக்குத் தோற்கடித்தவன் சட்டை நிறத்தில் கார் கொடுத்தவர்களிடம் அடுத்த வருடம் நியாயம் எதிர்பார்ப்பது நம் தப்பு.

பத்து வருடம் கழித்து, 1980-இல், இதே வழக்கு தலைகீழாக வந்தது. லேக்கர்ஸின் கரீம் அப்துல்-ஜப்பார் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஐந்து ஆட்டங்களில் சராசரி 33.4. ஐந்தாவதில் கணுக்கால் சுளுக்கி, திரும்பி வந்து 40 புள்ளி. அணி 3-2 என்று முன்னால். ஆறாவது ஆட்டத்துக்கு அவரை லாஸ் ஏஞ்சலஸிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானம் ஏறினார்கள். விமானத்தில் அவர் எப்போதும் உட்காரும் இருக்கையில் மேஜிக் ஜான்ஸன் என்ற இருபது வயதுப் பையன் போய் உட்கார்ந்துகொண்டான். களத்திலும் அதே இடத்தில் நின்றான். 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். பட்டமும் விருதும் பையனுக்கு.

அதே ஆட்டத்தில் ஜமால் வில்க்ஸ் 37 எடுத்தார். யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மேஜிக் மற்ற ஆட்டங்களிலும் நன்றாகவே ஆடினார், ஒன்றும் குறையில்லை. ஆனால் 1970-இல் முதல் நான்கு ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் கடைசி ஆட்டத்தில் நான்கு புள்ளி எடுத்து விருது வாங்கினார். 1980-இல் முதல் ஐந்தைத் தூக்கி நிறுத்தியவர் வீட்டுச் சோஃபாவில் காலை நீட்டிக் கிடந்ததால் வெறுங்கை. இரண்டு பேருக்கும் கால்தான் பிரச்சினை. ஒருவர் காலோடு வந்தார், இன்னொருவர் டாக்டர் சொன்னதைக் கேட்டார். அப்துல்-ஜப்பார் அன்று ஃபிலடெல்ஃபியா அரங்க வாசலில் வெறுமனே ஒரு முறை நொண்டிக்காட்டியிருந்தால் போதும், வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஃப்ரேசியருக்கு இதெல்லாம் பெரிய காயம் என்று நினைத்து உருக வேண்டாம். மனிதர் மிங்க் கோட்டும் அகல விளிம்புத் தொப்பியும் ரோல்ஸ்-ராய்ஸுமாகத் திரிந்தவர். 1967-இல் வந்த படத்தில் வரும் கொள்ளைக்காரன் போலத் தொப்பி வைத்திருக்கிறார் என்று 'கிளைட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்டத்தை விட்ட பிறகு நிக்ஸ் அணிக்கே வர்ணனையாளரானார். எதுகையும் மோனையுமாகப் பேசி, கண்ணைக் கூசவைக்கும் கோட்டுகள் போட்டுக்கொண்டு, பல பத்தாண்டுகள் அதே கார்டன் அரங்கத்தில் மைக்கோடு உட்கார்ந்தார்.

நிக்ஸ் இரண்டாவது பட்டம் வாங்கியது 1973-இல். எதிரணி மறுபடியும் லேக்கர்ஸ்தான், 4-1. எம்.வி.பி. மறுபடியும் வில்லிஸ் ரீட். பூமா கம்பெனி 'கிளைட்' என்ற பெயரில் ஷூ கொண்டுவந்ததும் அந்தச் சமயத்தில்தான், அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. நடந்து வந்ததற்குப் பெயர் வாங்கியவர் ரீட், ஷூ மட்டும் எப்படியோ ஃப்ரேசியர் பெயரில் வந்துவிட்டது.